பதினேழு டாலர் இருபத்தாறு சென்ட்

நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில்
லாரிகள் டீசல் போட நிற்கும் இடம்.
இரவுக் கல்லா என்னுடையது,
தரை மார்லிஸ் ஹ்ருஷ்காவுடையது.
சர்க்கரை பீட் லாரி ஓட்டியவள்,
முதுகு போனபின் துடைப்பத்துக்கு வந்தாள்.

ஜனவரியில் அதிகாலை மூன்றரைக்குக் கேட்டாள்:
ராக்கெட் விடலாமா?
டீ குடிக்கலாமா என்பதுபோல.

விளையாட்டுச் சாமான் கடையில்
தொடக்கப் பெட்டி நாற்பத்திரண்டு டாலர்.
எங்கள் இருவரிடமும் சேர்த்து இருபது.
சாண் ஏறினால் முழம் சறுக்கும் சம்பளம்.
பில் காகிதத்தின் பின்புறம் கணக்கெழுதினேன்:
மோட்டார், ஒரு பொட்டலத்தில் மூன்று, பதின்மூன்று நாற்பது.
அதையும் நாமே செய்தால் என்ன என்றேன்.
துடைப்பத்தை நிறுத்தினாள்.
அவள் கணவனின் தம்பிக்கு
இடது கையில் மூன்று விரல்.
அவ்வளவுதான் சொன்னாள்.
மோட்டாரைக் கடையில் வாங்கினோம்.

மற்றவை எங்கள் குப்பையிலிருந்தே எழுந்துவந்தன.
மோட்டார் பருமனுக்கு ஒரு குச்சி,
அதன்மேல் பழுப்புக் காகிதம் மூன்று சுற்று.
சீரியல் அட்டை இரண்டை ஒட்டி வெட்டிய இறக்கை.
வைன் தக்கை மூக்கு.
ஏவுகம்பியில் வழுக்கி ஏற உறிஞ்சுகுழல் துண்டு.
குப்பைப் பை பாராசூட் ஆனது,
மார்லிஸின் பைஜாமா எலாஸ்டிக்கை இழந்தது.
பாராசூட் பொசுங்காமலிருக்க
அவள் வீட்டுப் பரணிலிருந்து
தீப்பிடிக்காத காகிதப் பஞ்சு ஒரு பிடி.
(குளிர் அந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறது
என்று அவள் கணவன் இன்னும் தேடுகிறான்.)

யானை வாங்கியபின் அங்குசம்:
மூன்றடிக் கம்பி, ஒன்று அறுபது.
பசை, இரண்டு இருபத்தைந்து.
டார்ச்சின் பேட்டரி, பழைய அழைப்புமணிப் பொத்தான்,
பதினைந்தடி ஒயர், அவியல் பீன்ஸ் டப்பாவின் மூடி,
இவற்றுக்கெல்லாம் விலையில்லை.

பறக்குமா என்று பார்க்கப் பறக்கவிட வேண்டாம்.
நடுவில் நூல் கட்டித் தலைக்குமேல் சுழற்றினால் போதும்.
சிப்ஸ் அலமாரிகளுக்கிடையே மார்லிஸ் சுழற்றினாள்.
காபிக்கு நின்ற டிரைவர் குனிந்துகொண்டான்.
எங்கள் ராக்கெட் பின்பக்கமாகப் போயிற்று,
கூச்சமே இல்லாமல்.
கல்லாவிலிருந்து ஒரு சென்ட் எடுத்து
மூக்குக்குள் ஒட்டினோம்.
மறுநாள் இரவு மூக்கை முன்னே நீட்டிச் சுற்றியது.
அந்தச் சென்ட்டையும் கணக்கில் எழுதினேன்.

மார்ச். ஞாயிறு. அறுவடை முடிந்த வெறும் வயல்,
டெல்மர் ஸ்டேலிக்கிடம் கேட்டு வாங்கியது.
கால் மைல் தள்ளித் தண்டவாளம்.
ஐந்து நான்கு மூன்று இரண்டு ஒன்று.
ஒன்றுமில்லை.
ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று விதி.
உலகத்தில் மிக நீளமானது அந்த நிமிடம்;
என் மூக்கு ஒழுகியதைக்கூடத் துடைக்கவில்லை.
பற்றவைக்கும் கம்பி நழுவியிருந்தது.
திரும்பச் செருகினோம்.

பிறகு ஸ்ஸ் என்றது.
ராக்கெட் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது அங்கே இல்லை என்று புரிய நேரமானது.
மேலே பார், முட்டாளே, என்றாள் மார்லிஸ்.
மேலே ஒரு கறுப்புப் பூ விரிந்திருந்தது.

பாராசூட்டைப் பெரிதாக வெட்டியது என் தப்பு.
காற்று எடுத்துக்கொண்டது.
அந்த நேரம் பார்த்து நிலக்கரி ரயில்,
காலியாக, மேற்கே வயோமிங் சுரங்கத்துக்கு.
எழுபதாவது பெட்டியோ எழுபத்தொன்றோ,
அதற்குள் அது இறங்கியது,
இடம் முன்பதிவு செய்தவன்போல.
மார்லிஸ் ஓடினாள். அந்த முதுகோடு இருபது அடி.
நின்று, முழங்காலைப் பிடித்துச் சிரித்தாள்.
நூற்றைம்பது மீட்டர் மேலே,
நானூறு கிலோமீட்டர் மேற்கே,
ஒரு சென்ட் காசோடு.

அன்றிரவு இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.
டிராயரில் இரண்டு மோட்டார் மீதி.
நான்கு மணிக்குப் பழுப்புக் காகிதம் கேட்டாள்.
அடுத்ததில் போன் நம்பர் எழுதணும், என்றாள்.
யாருடையது?
உன்னுடையது.
என்னுடையதற்கு இந்த மாதம் பில் கட்டவில்லை.